தலைவரே, வீடு கட்டாம இருக்கிறது எப்படி?

வாப்பா தலைவரே, வா. மாலையைக் கழட்டி அந்த ஆணியில மாட்டிட்டு இப்படித் திண்ணையில உக்காரு. ஜெயிச்ச கையோட நேரா பெரியப்பாவைப் பாக்கத்தான் வந்தேன்னு சொல்றே. உன் நெத்தியில மூணு வீட்டு விபூதி இருக்கு, நான் நாலாவது. பரவால்ல, மூத்தவனை மறக்காம வந்தியே. புத்திமதி கேக்குறே, சொல்றேன். ஆனா நான் சொன்னேன்னு வெளியில மூச்சு விடக் கூடாது.

நோட்டீசுல இன்னா அடிச்சிருந்தே? ‘தொழிலாளர்களுக்கு மலிவான குடியிருப்பு அமைத்துத் தரப்படும்.’ அதைப் படிச்சப்போ எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. யாருடா எழுதிக் குடுத்தது? சுங்குவார்சத்திரத்துலேருந்து ஒரகடம் வரைக்கும் இந்த ரோட்டுல எந்த ஊருக்கு வேணா போய்ப் பாரு. நெல்லு வெச்சவன் எவனும் இப்போ நெல்லு வெக்கலை, ரூமுதான் வெச்சிருக்கான். அந்த ரூமுக்காரன் அத்தனை பேரும் இந்த ஊர் ஓட்டர். வாடகை குடுக்கிறவனோட ஓட்டு எங்கே இருக்கு? திருவண்ணாமலையில, விழுப்புரத்துல, ஒடிசாவுல, பீகார்ல. நீ கட்டித் தர்ற வீட்டுல அவன் குடியேறினா உனக்கு ஒரு ஓட்டு ஏறாது. இவன் ரூமு காலியானா நாப்பது ஓட்டு இறங்கும். இந்தக் கணக்கு மனசுல நின்னா அஞ்சு வருசத்தை அலுங்காம ஓட்டிடலாம்.

யாராச்சும் வந்து வீடு எங்கேன்னு கேட்டா, ‘அது நம்ம கையில இல்லீங்க’ன்னு சொல்லிப் பழகு. அதுல பாதி நிஜம், அதனால எவனும் மறுத்துப் பேச முடியாது. 1993-ல பஞ்சாயத்துக்குன்னு அரசியல் சட்டத்தைத் திருத்தினப்போ பதினோராவது அட்டவணைன்னு ஒண்ணு சேத்தாங்க. மொத்தம் 29 வேலை. பத்தாவதா நிக்கிறது கிராமப்புற வீட்டு வசதி. பட்டணத்துக்குப் பன்னெண்டாவது அட்டவணை, அதுல 18 வேலை, குடிசைப் பகுதி மேம்பாடும் அதுல ஒண்ணு. ஆனா எதைக் குடுக்கணும், எவ்ளோ குடுக்கணும்ங்கிறது மாநில அரசோட இஷ்டம். அது குடுத்தது இன்னா? நிலம் வருவாய்த் துறைகிட்ட. மனை அங்கீகாரம் டிடிசிபின்னு சொல்ற நகர் ஊரமைப்புத் துறைகிட்ட. கட்டுறது வாரியம். காசு கொஞ்சம் டெல்லி, கொஞ்சம் சென்னை. உனக்கு மிச்சம் வெச்சது குப்பை வண்டி, குழாத்தண்ணி, தெருவிளக்கு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு. கலெக்டர் ஆபீசுல இருக்கிற வரைபடத்துல புறம்போக்கு எங்கேன்னு தெரியும். அந்தப் புறம்போக்குல எவன் கத்திரிக்காய் போட்டிருக்கான்னு உனக்குத்தான் தெரியும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா நிலம் கெடச்சிடும். அதனால பக்கத்துல வெக்காதே.

சாயங்காலம் சும்மா மேட்டுத்தெரு பின்பக்கம் நடந்து பாரு. போன தலைமுறையில மாட்டுக்கொட்டா இருந்த இடம். இப்போ பத்துக்குப் பத்துல ஏழு ரூமு, வரிசையா. மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, சித்திரை மாசம் உள்ளே போனா தலைமுடி கருகுற வாசனை வரும். ஏழு ரூமுக்கும் ஒரே கக்கூசு, ஒரே தண்ணித்தொட்டி. மோட்டார் சுவிட்சு வீட்டுக்காரர் வீட்டுக்குள்ள. ரூமுக்கு ஆறு பேரு, ஆனா பாய் மூணுதான். ராத்திரி ஷிப்ட்டு முடிச்சு வர்றவன், காலை ஷிப்ட்டுக்குப் போனவன் விட்டுப்போன பாயில அப்படியே சாயுறான். அந்தப் பாய் ஆறினதே கிடையாது. வாடகை ரூமுக்குக் கிடையாது, தலைக்கு. கரண்டுக்கு சப் மீட்டர். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு இலவசம்னு 2016-லேருந்து அரசாங்கம் குடுக்குது பாரு, அந்த நூறு வீட்டுக்காரருக்கு இலவசம். குடியிருக்கிறவனுக்கு முதல் யூனிட்டுலேருந்தே காசு. வாடகைக்கு விட்டா எழுத்துல ஒப்பந்தம் போட்டுப் பதிவு பண்ணணும்னு 2019-லேருந்து ஒரு சட்டம் அமல்ல இருக்கு. நம்ம ஊர்ல அதைப் பாத்தவன் இருந்தா இட்டுனு வா, நான் ஒரு சோடா வாங்கித் தரேன்.

ரூமு கேட்டு வர்ற பையன்கிட்ட முதல்ல ‘எந்த ஊருப்பா’ன்னு கேப்பாங்க. சொல்லுவான். அப்பால ‘ஊர்ல எந்தத் தெரு’ன்னு கேப்பாங்க. அதுக்கு அவன் சொல்ற பதிலை வெச்சு ரூமு காலியா இருக்கா, இல்லையான்னு முடிவாகும். இதையும் நீ கண்டுக்காதே. தலைவர்னா நாலும் பாக்கணும்னு எவனாச்சும் சொன்னா, கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்குன்னு சொல்லிடு.

வரிக்கு வருவோம், இதுலதான் ருசி இருக்கு. அந்தப் பாயில படுத்திருக்கானே, அவன் சம்பளத்துல கம்பெனி தொழில் வரி பிடிக்குது. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் அதை உள்ளாட்சிக்குக் கட்டுது. ஒரு ஆளுக்கு வருசத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துலேயே வரம்பு இருக்கு. ஃபாக்டரி கட்டடத்துக்கு வேற சொத்து வரி. ஆக, ஓட்டில்லாதவன் உழைப்புல உன் பஞ்சாயத்துப் பெட்டி ரொம்புது. அந்தக் காசுல நீ ஓட்டிருக்கிறவன் தெருவுக்கு சிமெண்ட்டு ரோடு போடுவே. போன வருசம் போட்ட ரோட்டு மேலேயே போட்டாலும் ஒண்ணும் இல்லை, உயரமா இருந்தா ஊருக்கு அழகு.

நம்ம பேத்தி அன்னிக்கு செல்போன்ல ஒரு ஊரைக் காட்டினா. வியன்னாவாம். முதல் உலகப் போர் முடிஞ்சு ஜனங்க நடுத்தெருவுல நின்னப்போ, அந்த ஊர் மாநகராட்சியே 1923-ல வீடு கட்டுறதுக்குன்னு தனி வரி போட்டுச்சாம். மாளிகைக்காரனுக்குத் தூக்கி, சின்ன வீட்டுக்காரனுக்கு ரவையூண்டு. அது போக கார் வெச்சிருந்தா வரி, வீட்டு வேலைக்கு ஆள் வெச்சிருந்தா வரி, ஷாம்பெய்ன் குடிச்சா வரி. 1934-க்குள்ள அறுபதாயிரம் வீட்டுக்கு மேல கட்டிட்டாங்க. அதுல ஒண்ணு கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரே கட்டடம், ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், 1,382 வீடு, உள்ளேயே துணி துவைக்கிற கூடம், பிள்ளைங்க பள்ளி. இன்னிக்கும் ரெண்டு லட்சம் வீட்டுக்கு மேல அந்த மாநகராட்சிதான் சொந்தக்காரன். கேட்டா நல்லாத்தான் இருக்கு. ஆனா 1934 பிப்ரவரியில இன்னா நடந்துச்சு தெரியுமா? உள்நாட்டுச் சண்டையில அந்தக் கட்டடத்து மேல பீரங்கி வெச்சு சுட்டாங்க. தொழிலாளிக்கு நல்ல வீடு கட்டினா பீரங்கி வரும் தலைவரே. நமக்கு எதுக்கு வம்பு?

சரி, ஒரு வீடும் கட்டலைன்னா பேரு கெட்டுப்போகும்னு பயப்படுறே. அதுக்குத்தான் மேலேருந்து திட்டம் வந்துகினே இருக்குதே! 1985-ல இந்திரா பேர்ல வந்துச்சு. 2010-ல கலைஞர் பேர்ல, வீட்டுக்கு 75,000 ரூபா. அடுத்த வருசம் ஆட்சி மாறுச்சு, பசுமை வீடு ஆச்சு. 300 சதுர அடி, 1,80,000 ரூபா, கூடவே சூரிய சக்தி விளக்கு. 2016-ல இந்திரா பேரை எடுத்துட்டு பிரதமர் பேரை வெச்சாங்க. 2024-ல கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, மூணரை லட்சம், 2030-க்குள்ள எட்டு லட்சம் வீடுன்னு அறிவிப்பு. கீழத்தெருவுல ஒரே வரிசையில நின்னு பாத்தா நாலு ஆட்சியும் தெரியும். சுவத்துல எழுதின பேரு மேலேயே அடுத்த பேரை எழுதி, மழைக்கு ரெண்டும் கலந்து எவன் கட்டினதுன்னே தெரியாம ஒரு வீடு நிக்குது.

குறை சொல்லலைப்பா, குடிசை போய் கான்கிரீட்டு வந்துச்சு, அது பெரிய காரியம். மழைக்காலத்துல பாம்புக்கு பயந்து புள்ளையைத் தூக்கிகினு உக்காந்திருந்த ஜனம் இப்போ காலை நீட்டிப் படுக்குது. ஆனா அந்த மூணரை லட்சம் இன்னிக்கு எதுக்குக் காணும்? கடக்கால் தோண்டி, பேஸ்மட்டம் ஏத்தி, லிண்டல் மட்டத்துக்கு வரும்போதே கையில இருக்கிறது தீர்ந்துபோகும். பில்லு பகுதி பகுதியாத்தான் வரும், மேஸ்திரிக்கு மட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை கூலி குடுக்கணும். தாலியை சொசைட்டியில வெச்சுத்தான் ரூஃப் போடுவாங்க. கட்டி முடிச்ச வீட்டுக்கு முன்னாடி போட்டோ எடுக்கிறப்போ அந்தம்மா கழுத்துல மஞ்சக்கயிறு மட்டும் இருக்கும். நீ பக்கத்துல சிரிச்சுகினு நில்லு.

இந்தக் கனவு இல்லத் திட்டத்துல ஆளைத் தேர்ந்தெடுக்கிற குழுவுல நீயும் உண்டு, கிராம சபையில படிச்சு ஒப்புதல் வாங்கணும். இங்கதான் உன் சாமர்த்தியம் வேணும். வீடு இல்லாதவனுக்குத்தான் வீடு. ஆனா அவனுக்கு நிலம் இருக்கணும், பட்டா இருக்கணும். நம்ம தெருவுல காலை ஆறு மணிக்கு விசில் ஊதிக்கினு குப்பை வாங்க வருதே தூய்மைக் காவலர் அம்மா, அது எங்கே குடியிருக்குன்னு எப்பவாச்சும் கேட்டியா? ஏரிக்கரையில. நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே பட்டா குடுக்கக் கூடாது, அது சரிதான், ஏரியும் நமக்கு வேணும். அப்போ வேற இடத்துல மூணு சென்ட்டு காட்டணும் இல்லியா? பஞ்சாயத்துக்கே வேலை செய்யுற ஆளு. அதுக்கு இடம் காட்ட முடியாத பஞ்சாயத்து, கம்பெனித் தொழிலாளிக்குக் குடியிருப்பு அமைச்சுத் தரும்னு நோட்டீசு அடிச்சிருக்கு. சிரிக்காதே, உன் நோட்டீசுதான்.

கட்டித்தான் ஆகணும்னு ஒரு நெருக்கடி வந்தா தள்ளிக் கட்டு. எவ்ளோ தூரம் தள்ள முடியுமோ அவ்ளோ தூரம். பட்டணத்துல பாடம் இருக்கு. 1970-ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சப்போ, குடிசை இருந்த இடத்துலேயே மாடி வீடு கட்டினாங்க. மீனவன் கடலைப் பாத்துகினே படியிறங்கினான். அப்பால நிலத்தோட விலை ஏறிச்சு, ஏழையோட இடம் நகர ஆரம்பிச்சுது. 2000-ல கண்ணகி நகர், அப்பால செம்மஞ்சேரி, அதுக்கப்பால பெரும்பாக்கம். கண்ணகி நகர்ல மட்டும் பதினஞ்சாயிரம் வீட்டுக்கு மேல, பெரும்பாக்கத்துல இருபதாயிரத்துக்கு மேல. 2015 வெள்ளம் முடிஞ்சதும் கூவம், அடையாறு கரை ஜனங்களை லாரியில ஏத்தி அங்கே இறக்கினாங்க. மயிலாப்பூர்ல நாலு வீட்டுல பாத்திரம் கழுவிப் பிழைச்ச பொம்பளை, வேலையை விட்டாளா, பஸ்சுல பாதி நாளை விட்டாளான்னு எந்தக் கோப்புலயும் எழுதலை. வீடு எத்தனைன்னு எழுதியிருக்கு. கண்ணகி நகர் சுவத்துல பெரிய பெரிய ஓவியம் வரைஞ்சிருக்காங்க, ஊரெல்லாம் வந்து பாத்துட்டுப் போகுது. வாரியத்துக்கு 2021-ல பேரும் மாத்தியாச்சு, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவுல இருக்கிற மைலைத்தான் யாரும் மாத்தலை.

நம்ம பக்கத்துல நடந்த கதை வேற மாதிரி. 2021 டிசம்பர்ல, செல்போன் கம்பெனிப் பொண்ணுங்க தங்கியிருந்த ஹாஸ்டல்ல சாப்பாடு கெட்டு, வாந்தி பேதியில பொண்ணுங்க ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. மத்த பொண்ணுங்க பெங்களூரு ஹைவேயில போய் உக்காந்துடுச்சு. அன்னிக்கு நின்ன லாரிங்க வரிசையை நீயும் பாத்திருப்பே. அதுக்கு முன்னாடி வரைக்கும் அந்தப் பொண்ணுங்க எங்கே படுக்குது, இன்னா தின்னுதுன்னு எந்தப் பெரிய மனுசனும் கேட்டதில்லை. அப்பாலதான் எல்லாருக்கும் ஞானம் வந்துச்சு. 2024 ஆகஸ்டுல வல்லம் வடகால்ல சிப்காட் கட்டின குடியிருப்பைத் திறந்தாங்க. 706.50 கோடி ரூபா, 13 கட்டடம், 18,720 பொண்ணுங்க தங்கலாம். நல்ல காரியம், நான் மனசாரச் சொல்றேன். ஃபாக்டரி பக்கத்துலேயே படுக்கை, ரூமுக்கு ஆறு பேரு.

படுக்கைன்னு சொன்னேன், கவனிச்சியா? அந்தப் பொண்ணு நாளைக்கு கல்யாணம் கட்டி, புருசன் ஒரகடத்துல கார் கம்பெனியில வேலை பாத்தா, ரெண்டு பேரும் எங்கே போவாங்க? மேட்டுத்தெருப் பின்பக்கம்தான் வரணும். கல்யாணம் ஆகாத தொழிலாளிக்கு வழி கண்டுபிடிச்சுட்டோம், ஆனவனுக்கு இன்னும் கண்டுபிடிக்கலை. தொழிற்பேட்டைக்கு ஆயிரக்கணக்குல ஏக்கர் எடுக்கும்போது ரோட்டுக்கு இடம் விடுறாங்க, மழைநீர்க் கால்வாய்க்கு விடுறாங்க, மரம் நடக்கூட விடுறாங்க. குடும்பத்தோட குடியிருக்கிறதுக்கு இடம் கேட்டு எந்த ஊராட்சியாச்சும் தீர்மானம் போட்டு அனுப்பிச்சுதா? நம்ம ஊரு போட்ட தீர்மானம் எனக்கு ஞாபகம் இருக்கு. திருவிழாவுக்குக் கம்பெனி நன்கொடை கேட்டு.

மனைப் பிரிவுக்காரங்களைப் பகைச்சுக்காதே. 10,000 சதுர மீட்டருக்கு மேல மனை பிரிச்சா நூத்துல பத்து பங்கு நலிவடைஞ்சவங்களுக்குச் சின்ன மனையா ஒதுக்கணும்னு விதி. ரெண்டு சின்ன மனையை ஒண்ணாச் சேத்துப் பெருசாக்கவும் கூடாதாம். வரைபடத்துல மூலையில அழகா பச்சையும் மஞ்சளுமாக் கோடு போட்டிருக்கும். அந்த மூலையை ஒரு நாள் நேர்ல போய்ப் பாத்தியானா அங்கே ஏழை யாரும் இருக்க மாட்டான், ஒரு காம்பவுண்டு சுவரும் உள்ளே ஒரு நாயும் இருக்கும். போகாதே. செருப்பு தேயும், நாயும் கடிக்கும்.

இன்னா, மூஞ்சி சுருங்குது? காபியைக் குடி.

சரிடா, உன் அப்பன் முகத்துக்காக ஒண்ணு சொல்றேன். நிஜமாவே வீடு வரணும்னு உனக்குப் பைத்தியம் பிடிச்சிருந்தா, கட்டடத்துல ஆரம்பிக்காதே, நோட்டுல ஆரம்பி. செயலரை இட்டுனு ஒரு வாரம் தெருத் தெருவா நட. எத்தனை லைன் வீடு, எத்தனை ரூமு, எத்தனை தலை, எத்தனை கக்கூசுன்னு எழுது. பாதி ரூமுக்கு வரியே போடலை, உனக்கே தெரியும். வரியைப் போடு, போட்டுட்டு அஞ்சு ரூமுக்கு ஒரு கக்கூசும் தண்ணியும் இருக்கணும்னு கேளு. ரூமை இடிக்கப் போனே, அவன் தலைக்கு இன்னும் ஐநூறு ஏத்துவான், குடியிருக்கிறவன்தான் தெருவுக்கு வருவான். அதனால இடிக்காதே, ஒழுங்கு பண்ணு. அப்பால விஏஓவையும் சர்வேயரையும் உக்கார வெச்சு, ஏரி குளம் மேய்க்கால் போக மிச்சம் இருக்கிற புறம்போக்கு எத்தனை சென்ட்டுன்னு பட்டியல் எடு. கத்திரிக்காய் யாருதுன்னு மட்டும் நீ பாக்காத மாதிரி இரு, முதல் பாத்தி என் சம்பந்தியோடது. தொழில் வரியில வர்றதுல ஒரு பங்கு தொழிலாளி குடியிருக்கிற தெருவுக்குத்தான்னு தீர்மானம் போடு. தொழிற்பேட்டைக்குள்ள குடும்பக் குடியிருப்புக்கு இடம் வேணும்னு கலெக்டருக்கும் சிப்காட்டுக்கும் எழுது. ஒரு ஊரு எழுதினா குப்பைக்கூடை. முப்பது ஊரு எழுதினா கோப்பு. கோப்பு ஆயிட்டா யாராச்சும் ஒரு நாள் கையெழுத்து போட்டுத்தான் ஆகணும்.

மே 1-ஆம் தேதி கிராம சபை வருது, தொழிலாளர் தினம். அன்னிக்கு ஊர்ல இருக்கிற தொழிலாளியில முக்கால்வாசிப் பேருக்கு அந்த சபையில இடம் கிடையாது. ஓட்டர் லிஸ்டுல பேரு இருந்தாத்தான் கிராம சபை உறுப்பினர்னு சட்டம். கை தூக்க முடியாது, ஆனா உக்காந்து கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. லைன் வீட்டு ஜனங்களுக்கு முதல் நாளே தண்டோரா போட்டுச் சொல்லு, இந்திக்காரப் பசங்களுக்கும் புரியுற மாதிரி ஒரு ஆளை வெச்சுச் சொல்லு. ஷாமியானாவுல ரெண்டு வரிசை நாற்காலி கூடப் போடு. நான் சொன்ன இத்தனையையும் ஒரே தீர்மானமா எழுதி அவங்க முன்னாடி சத்தமாப் படி.

மேட்டுத்தெருப் பின்பக்கம் இருக்கிற அந்த ஏழு ரூமு யாருதுன்னு நீ இன்னும் கேக்கலை, மரியாதை தெரிஞ்ச புள்ள. என்னுதுதான். அந்தத் தீர்மானம் வந்தா என் வாடகை குறையும், கக்கூசு ஒண்ணு கூடக் கட்டணும். வீட்டுல கெழவி சண்டைக்கு வருவா, நானும் சபையில எழுந்து உன்னை எதிர்த்துத்தான் பேசுவேன். நீ அதைக் காதுல வாங்காம தீர்மானத்தை நிறைவேத்து.